கேட்டர்பில்லர் டி4 7யூ: இன்ஜின் ஓடினால் மட்டும் போதாது

1947 முதல் 1959 வரை அமெரிக்காவின் பியோரியாவில் தயாரான, சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் டி4 டிராக்டர், அங்கே பழைய வண்டி சேர்ப்பவர்களிடமும் சிறு பண்ணைக்காரர்களிடமும் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது. இரண்டு செயின்களின் நடுவுக்கு நடு 60 அங்குலம் இருந்தால் 7யூ, 44 அங்குலம் இருந்தால் 6யூ. விளம்பரத்தில் "நன்றாக ஓடுகிறது" என்று போட்டிருப்பார்கள். ஓடத்தான் செய்யும். நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினும் அதைக் கிளப்பிவிடும் சின்ன பெட்ரோல் இன்ஜினும் லேசில் சாகாது. வண்டி எவ்வளவு பெறும் என்பது அதற்குக் கீழே இருக்கும் இரும்பைப் பொறுத்தது.

முதலில் செயின். இதன் பிட்ச், அதாவது கண்ணிகளை இணைக்கும் அடுத்தடுத்த இரண்டு பின்களின் இடைவெளி, 6¾ அங்குலம் (171.45 மி.மீ.). செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லுக்கும் செயினுக்கும் இடையில் ஒரு கட்டையைச் செருகி, வண்டியை மெல்லப் பின்னால் எடுத்தால் மேல்பக்கச் செயின் இறுகும். அந்த நிலையில், செயினைப் பிரிக்கக் கழற்றும் மாஸ்டர் பின்னைத் தவிர்த்து, ஒரு பின்னின் விளிம்பிலிருந்து ஐந்தாவது பின்னின் அதே பக்க விளிம்பு வரை அளக்க வேண்டும். புதுச் செயினில் 686 மி.மீ. வரும். சுமார் 12 மி.மீ. கூடியிருந்தால் பின்னையும் அதைச் சுற்றியிருக்கும் குழாயான புஷ்ஷையும் 180 டிகிரி திருப்பிப் போட வேண்டிய கட்டம். தேய்மானம் ஒரே பக்கம்தான் என்பதால் மறுபக்கத்தில் இன்னொரு ஆயுள் கிடைக்கும். ஆனால் புஷ்ஷில் விரிசல் விழும் அளவுக்கு ஓட்டிவிட்டால் திருப்ப ஒன்றும் மிஞ்சாது. இந்த வேலைக்கு ஹைட்ராலிக் டிராக் பிரஸ் வேண்டும். சம்மட்டியால் அடித்து எடுக்கப் பார்த்தால் லிங்க்கின் (செயின் கண்ணி) துளை பெரிதாகும், பிறகு பின் பிடிக்காது.

புதுச் செயினைப் பழைய ஸ்ப்ராக்கெட்டில் மாட்டவே கூடாது. பல் கூர்ந்து கொக்கிபோல் வளைந்திருந்தால் அது நீண்டுபோன பிட்ச்சுக்குத் தேய்ந்த பல். புது புஷ்ஷை அது சீக்கிரமே தின்றுவிடும். 7யூவின் மோசமான வடிவமைப்பும் இங்கேதான்: ஸ்ப்ராக்கெட் சரிவான ஸ்ப்ளைன் (நீளவாக்கில் பல் வெட்டிய) தண்டில் அழுத்திப் பூட்டப்பட்டது. கழற்றப் பெரிய புல்லர் வேண்டும், திரும்பப் பூட்டும்போதும் அதே முரட்டு அழுத்தம் வேண்டும். நட்டை அரைகுறையாக இறுக்கிவிட்டால் ஸ்ப்ளைன் அரைபட்டுத் தண்டே போய்விடும். பார்க்கப் போகும்போது ஸ்ப்ராக்கெட்டை நெம்புகோலால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

செயின்மேல் உருண்டு வண்டியைத் தாங்கும் கீழ் ரோலர்களில் ஒற்றை விளிம்பு, இரட்டை விளிம்பு என இரண்டு வகை உண்டு. முதலும் கடைசியும் ஒற்றை விளிம்பாக இருக்க வேண்டும். பழுது பார்த்தவர் மாற்றிப் பூட்டியிருப்பது சகஜம். ரோலர் விளிம்பு லிங்க்கில் பின் நுழையும் புடைப்பை உரசத் தொடங்கியிருந்தால் ரோலர், லிங்க் இரண்டுக்குமே வெல்டிங் காத்திருக்கிறது. விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ரோலரைக் குறை சொல்லிப் பயனில்லை. பின்பக்கம் டிராக் ஃபிரேமை (ரோலர்களைத் தாங்கும் சட்டம்) பிடிக்கும் குறுக்குத் தாங்கியின் பேரிங் போய், ஃபிரேம் உள்ளே சாய்ந்திருக்கும்.

செயினின் இறுக்கம் சரியாக இருந்தால், மேல் ரோலருக்கும் முன்னாலுள்ள பல்லில்லாத சக்கரமான ஐட்லருக்கும் நடுவே ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் தொய்வு இருக்கும். இதில் கிரீஸ் அடித்து இழுக்கும் வசதி கிடையாது, திருகாணிதான். துருப்பிடித்திருந்தால் டீசலும் எண்ணெயும் விட்டுப் பொறுமையாகத் திருப்ப வேண்டும். பின்னாலிருக்கும், ஐட்லர் வாங்கும் அதிர்ச்சியைத் தாங்கும் ரீகாயில் ஸ்பிரிங் டன் கணக்கான அழுத்தத்தில் இருப்பதால், கேஸ் கட்டர் அந்தப் பக்கமே போகக் கூடாது.

ஸ்டீயரிங்கில்தான் இந்த வண்டி மானத்தைக் காப்பாற்றுகிறது. பக்கத்துக்கு ஒரு உலர் மல்டி டிஸ்க் (பல தட்டு) கிளட்ச், லீவரை இழுத்தால் அந்தப் பக்கச் செயினுக்குப் போகும் விசையைத் துண்டிக்கும். அதன் வெளி டிரம்மின் மேலேயே சுற்றி இறுக்கும் பேண்டு பிரேக். லீவரை இழுத்தும் வண்டி நேராகவே போனால் பயப்பட வேண்டாம். வெயில் மழையில் நின்று தட்டுகள் துருவில் ஒட்டியிருக்கும். ஒட்டிய பக்கத்து லீவரைப் பின்னால் இழுத்துக் கட்டி, விசாலமான சமதரையில் முதல் கியரில் ஓட்டியபடி அந்தப் பக்கத்து பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் பெரும்பாலும் 'டப்' என்று விட்டுக்கொடுக்கும்.

நேர்மாறான கோளாறு வழுக்கல். கிளட்ச் அறையின் அடிப்பிளக்கைக் கழற்றுங்கள். எண்ணெய் கொட்டினால் கிளட்ச்சுக்கு விசை தரும் பெவல் கியர் தண்டின் எண்ணெய் சீலோ, ஸ்ப்ராக்கெட்டைச் சுழற்றும் ஃபைனல் டிரைவின் சிறு கியரான பினியனின் சீலோ போயிருக்கிறது. எண்ணெயை வடித்து, மண்ணெண்ணெய் ஊற்றி, லீவர்களை மாற்றி மாற்றி இழுத்துச் சிறிது நேரம் ஓட்டி, மீண்டும் வடித்து உலர விடலாம். பெட்ரோல் ஊற்றுவது தற்கொலை. சீலை மாற்றாவிட்டால் இந்தக் கழுவல் சில நாள் வைத்தியம்தான். தட்டின் லைனிங் உரிந்திருந்தாலோ டிரம்மின் உட்பற்களில் பள்ளம் விழுந்திருந்தாலோ கிளட்சை வெளியே எடுத்தே ஆக வேண்டும். அதற்குச் செயினைப் பிரிக்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. சீட்டு, டீசல் டேங்க், மேல்மூடி மூன்றையும் எடுத்து, இரு பக்க ஃபிளாஞ்சு போல்ட்டுகளைக் கழற்றினால் கிளட்ச் மேல்வழியாக வந்துவிடும். பளு அதிகம் என்பதால் பளு தூக்கும் செயின் பிளாக் அவசியம்.

மாட்டிய பிறகு லீவர் நுனியில் சுமார் 3 அங்குலம் சும்மா ஆட வேண்டும். அது இல்லாவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக் கருகும். வாங்கப் போகிற எல்லோரும் இடம் வலம் திருப்பிப் பார்ப்பார்கள், இந்த இடைவெளியை யாரும் பார்ப்பதில்லை.

புதிதாக ஓட்டுபவருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இறக்கத்தில் பாரம் வண்டியைத் தள்ளும்போது இடது லீவரை மட்டும் இழுத்தால் வண்டி வலது பக்கம் திரும்பும். விடுபட்ட செயின் தடையில்லாமல் உருள, மற்றதை இன்ஜின் பிடித்து வைப்பதே காரணம். இடதுபுறம் திரும்ப வேண்டுமானால் வலது லீவரை இழுக்க வேண்டும், அல்லது இடது லீவரோடு அதே பக்கத்து பிரேக்கையும் சேர்த்து மிதிக்க வேண்டும். பேண்டு தேய்ந்த வண்டியில் இரண்டாவது வழி இல்லை. அதனால் லைனிங்கை மாற்றாமல் சரிவு நிலத்துக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள்.