செதுக்கிய தட்டத்துக்கு எண்ணெயா, அரக்கா, வார்னிஷா?

சில்லுச் செதுக்கலில் கத்தியைக் கீழே வைத்த பிறகுதான் பெரும்பாலான கெடுதல்கள் நடக்கின்றன. மஹோகனித் தேநீர்த் தட்டம் ஒன்றின் விளிம்பைச் சுற்றி முக்கோணச் சில்லுகளைப் பெயர்த்தெடுத்துப் பூவும் நட்சத்திரமுமாக வெட்டுகிறோம். பிறகு, மினுங்கட்டும் என்று தடித்த வார்னிஷை அள்ளிப் பூசிவிடுகிறோம். வெட்டின் ஆழம் சில மில்லிமீற்றர்தான். அதில் விழும் நிழல்தான் அலங்காரம் முழுவதும். அந்த நிழலை மூடுகிற பூச்சு எத்தனை விலை கொடுத்து வாங்கியதானாலும் வேண்டாத பூச்சு. என் முதல் அளவுகோல் இதுவே. கொழும்பின் ஈரக்காற்று இரண்டாவது.

சமையலறையில் கைக்கெட்டும் தேங்காய் எண்ணெயை முதலிலேயே தள்ளிவைப்போம். அது காற்றில் இறுகும் இனமல்ல. மரத்துக்குள் எண்ணெயாகவே கிடந்து காறல் வாடை பிடிக்கும். ஆளி விதை எண்ணெய் ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல இறுகும். பள்ளத்தை நிரப்பாது, மினுக்காது, மரத்தின் நிறத்தை ஆழமாக்கும். ஆனால் ஒரு சில்லைப் பெயர்த்த குழியின் சரிவுகள் ஒரே மாதிரி எண்ணெய் குடிப்பதில்லை. இழைகளைக் குறுக்காக வெட்டிய சரிவு அதிகம் உறிஞ்சிக் கறுக்கும். இழையோடு போன சரிவு வெளிறியே நிற்கும். மஹோகனியில் இது கண்ணுக்கு உறுத்தாது, சில இடங்களில் அழகுகூட. வெளிர் மரத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். பச்சையான ஆளி எண்ணெய் மழைக்காலத்தில் நாட்கணக்கில் பிசுபிசுக்கும். அதன்மேல் பூஞ்சணம் படர்வதும் உண்டு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது இன்னும் மோசம். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

தேன்மெழுகை இரண்டு வரியில் முடிக்கலாம். குழியின் அடியில் தங்கி வெள்ளைப் பொட்டுகளாக நிற்கும். ஏறத்தாழ 63 பாகை செல்சியஸிலேயே உருகும். சூடான தேநீர் ஏறும் தட்டத்தில் அதற்கு வேலையில்லை.

அரக்கு (ஷெல்லாக்) பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனெனில் செதுக்கலுக்கு அதைவிட மரியாதையான பூச்சு எனக்குத் தெரியாது. 100 மில்லிலீற்றர் ஸ்பிரிட்டில் (மதுசாரம்) 12 கிராம் அரக்குச் செதிலைக் கரைத்தால் தண்ணீர் போன்ற மெல்லிய கரைசல் கிடைக்கும். நிமிடங்களில் உலரும். மூன்று தடவை பூசினாலும் வெட்டின் கூர்மை அப்படியே இருக்கும். எல்லாச் சரிவுகளையும் ஒரேயளவில் அடைப்பதால் திட்டுகளும் வராது. மாத்திரைக்கும் இனிப்புக்கும் மேற்பூச்சாகப் பயன்படுவதால் உணவுப் பொருள் படும் பெட்டிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. பூச்சியின் சுரப்பு என்பதால் தயங்கும் சைவ உணவுக்காரர்கள் உண்டு. அது அவரவர் முடிவு.

கொழும்பில் சிக்கல் வேறு. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றின் நீர் அதில் படிந்து, படலம் பால்போல வெளுத்துவிடுகிறது. மழை இருட்டிக்கொண்டு நிற்கும் ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் அரக்கைத் தொடாதீர்கள். ஜனவரி, பெப்ரவரியின் காய்ந்த நண்பகல் அதற்கு உரிய நேரம். கரைத்து நாட்பட்ட அரக்கும் சரியாக இறுகாது. தேவைக்கு மட்டும் கரையுங்கள். இதையெல்லாம் சமாளித்தாலும் தேநீர்த் தட்டத்தில் அரக்கு தனியாக நிற்காது. ஈரக் கோப்பை வெள்ளை வளையம் பதிக்கும், சூட்டில் இளகும். சாராயம் சிந்தினாலோ கதை முடிந்தது: அரக்கைக் கரைக்க நாம் பயன்படுத்துவதே அதுபோன்ற திரவம்தானே! சுவரில் மாட்டும் தட்டுக்கும் நகைப்பெட்டிக்கும் அரக்கு மட்டுமே போதும்.

பொலியூரிதேன் வார்னிஷ் நீரையும் சூட்டையும் தாங்கும். செதுக்கலை மட்டும் தாங்காது. தூரிகையால் பூசினால் குழிகளில் தேங்கி, முக்கோணத்தின் கூரிய அடி உருண்டுபோகும். மொரட்டுவைத் தளபாடப் பட்டறைகளில் சீலரும் (மரத்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) லக்கரும் (விரைவில் உலரும் மேற்பூச்சு) ஸ்பிரேயாக அடித்துத் தரச் சொல்லலாம். அது மெலிதாகவே படியும். ஆனால் கண்ணாடிபோலப் பளபளக்கும். அந்தப் பளபளப்பில் ஒளி தெறித்து நிழல் காணாமல் போகும். ஆகவே கொழும்பின் பழைய சோனகத் தெருக் கடைகளில் வாங்கும்போது மினுக்கமற்ற வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தட்டத்துக்கு என் தெரிவு கலப்பு. முதலில் தட்டம் முழுவதற்கும், மெழுகு நீக்கிய அரக்கு ஒரு தடவை. மெழுகு இருந்தால் மேலே வரும் பொலியூரிதேன் பிடிக்காது. பிறகு கோப்பை வைக்கும் நடுப்பகுதிக்கு மினுக்கமற்ற வார்னிஷ் மூன்று தடவை. செதுக்கிய விளிம்புக்கு அதே வார்னிஷில் சம அளவு டர்பன்டைன் கலந்து துணியால் ஒரே தடவை. குழியில் தேங்கியதை உலர்ந்த தூரிகையால் உடனே எடுத்துவிட வேண்டும். பூச்சுகளுக்கிடையே அரத்தாளை நடுப்பகுதியில் மட்டும் தேய்க்கலாம். செதுக்கிய இடத்தில் தேய்த்தால் வரம்புகள் மழுங்கிவிடும். அங்கே தேய்க்கும் வேலை கத்தி படுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

நிறம் வேண்டுமா? மஹோகனிக்கு வேண்டாம், அது தானாகவே கறுத்துச் சிவக்கும். அம்பலாங்கொடை முகமூடிகளின் ஒளிரும் வர்ணத்தைப் பார்த்து ஆசைப்படுவோர் ஒன்றைக் கவனிக்கட்டும்: அங்கே உருவம் ஆழமாகக் குடையப்பட்டிருக்கிறது, பெயின்ட் அதை அழிக்காது. மாத்தளைப் பக்கம் நகத்தால் அரக்கு இழைகளை ஒட்டி அலங்கரிக்கும் கைவினையிலோ வெட்டே கிடையாது, நிறமே கோலம். சில்லுச் செதுக்கலில் நிறத்தைச் சேர்க்க நல்ல வழி, கினிசப்பு போன்ற வெளிர் மரத்தின் சமபரப்பில் முதலில் கருநீலமோ கறுப்போ மெலிதாகப் பூசி, காய்ந்த பின் செதுக்குவது. வெட்டு விழும் இடமெல்லாம் மரம் வெளிறித் தெரியும். செதுக்கிய பின் சாயம் தேய்த்துத் துடைப்பது இரண்டாம் தரம். முதலில் அரக்கு அடைக்காவிட்டால் குறுக்கிழைச் சரிவுகளில் கறையாகிவிடும்.

எந்தப் பூச்சானாலும் அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூசுங்கள். மேற்பக்கத்தை மட்டும் அடைத்த பலகை கீழ்ப்பக்கமாக ஈரத்தை இழுத்து வளையும். மேசையில் வைத்தால் ஆடும்.