அரெசிபோவா, ஃபாஸ்ட்டா?

வேற்றுலகக் குரல் ஏதாவது வருகிறதா என்று காது கொடுத்த இரண்டு ராட்சதக் கிண்ணங்கள், அதாவது ரேடியோ தொலைநோக்கிகள் இவை. பியூர்டோ ரிக்கோவின் அரெசிபோ 1963-ல் வந்தது, 305 மீட்டர் அகலம். சீனாவின் குய்சோவில் உள்ள ஃபாஸ்ட் 2016-ல் வந்தது, 500 மீட்டர். இரண்டுமே மலைகளுக்கு நடுவே இருந்த இயற்கைப் பள்ளத்தில் கட்டியவை.

கேட்கும் கூர்மையில் ஃபாஸ்ட்தான் மேல். ஆனால் அதற்குக் கேட்க மட்டும்தான் தெரியும். அரெசிபோ பேசவும் செய்தது. 1974-ல் எம்13 விண்மீன் கொத்தை நோக்கி 1,679 பிட் (0 அல்லது 1 என்ற குறிகள்) அனுப்பியது. ஏன் 1,679? அது 23-ஐ 73-ஆல் பெருக்கிய எண். இரண்டும் பகா எண்கள். அது பிடிபட்டால் போதும்: வரிக்கு 23 புள்ளியாக 73 வரி அடுக்கினால் மனித உருவம் தெரியும். நமக்குச் செய்தி வந்தாலும் முதலில் எண்ணித்தான் பார்ப்போம்.

சரி, இயற்கையின் அடியைத் தாங்கியது எது? அரெசிபோவின் தலைக்கு மேல் 900 டன் மேடை தொங்கியது. 2017-ல் மரியா சூறாவளி அதைப் பதம் பார்த்தது. அந்த நிலையிலும் நிலையத்துக் கிணற்று நீரை ஊராருக்குக் கொடுத்தார்கள். அதனாலேயே என் மனம் அரெசிபோ பக்கம். அப்புறம் 2020 ஆகஸ்டில், துத்தநாகம் ஊற்றி இறுக்கிய முனையிலிருந்து மேடையைத் தாங்கிய ஒரு கேபிள் உருவிக்கொண்டது. நவம்பரில் இன்னொன்று அறுந்தது. டிசம்பர் 1-ல் மேடையே தட்டின் மேல் விழுந்தது.

ஃபாஸ்ட்டில் தொங்குவது சுமார் 30 டன்தான். அதன் தலைவலி மனிதர்களின் ரேடியோ இரைச்சல். 5 கி.மீ. ஆரத்துக்குள் 9,000-க்கும் மேற்பட்டோரை இடம் மாற்றினார்கள். அப்படியும் வேற்றுலகக் குரலோ என்று 2022-ல் பரபரப்பைக் கிளப்பிய சிக்னல், நம் பூமியின் ரேடியோ இரைச்சல்தான் என்று அடங்கிப்போனது.