இதமான ஒலிக்கு எந்த டேக்? சிப்பா, ஏணியா, வால்வா?

டேக் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி, DAC) வாங்க நினைக்கிற பலருக்கும் வேண்டியது ஒன்றுதான்: ரெக்கார்டில் கேட்ட மாதிரி இதமாக இருக்க வேண்டும். எனக்கும் அதேதான். வயலினின் மேல் ஸ்தாயி காதைக் குத்தக்கூடாது, மிருதங்கத்தில் தொப்பியின் கும்காரம் நின்று ஒலிக்க வேண்டும். இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் வீட்டில் ஒரே ஆம்ப், ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டேன்.

முதல் வழி டெல்டா-சிக்மா சிப், அதாவது குறைந்த பிட்டுகளை மிக வேகமாக ஓட்டி ஒலியாக்கும் சிப். இன்று விற்கும் டேக்குகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். விலை குறைவு, இரைச்சல் குறைவு, டிஸ்டார்ஷன் 0.001 சதவீதத்துக்கும் கீழே. சிப் தயாரிப்பாளர்களில் ஏகேஎம் மென்மை, இஎஸ்எஸ் கூர்மை என்று சொல்வார்கள். டேக்கின் டிஜிட்டல் ஃபில்டரை ‘ஸ்லோ’வில் (மேல் அதிர்வெண்களை மெதுவாக இறக்கும் முறையில்) வைத்தால் ஒரு துளி மென்மை கூடும். துளிதான்.

அடுத்தது ஆர்-2ஆர். ஒரு மதிப்பிலும் அதன் இரட்டிப்பிலும் ரெசிஸ்டர்களை ஏணி மாதிரி அடுக்கி, ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு சுவிட்ச் வைப்பது. 16 பிட் என்றால் 65,536 படிகள். மேல்படி ரெசிஸ்டர் 0.0015 சதவீதம் பிசகினாலே கடைசி பிட் அடிபடும். ஏணி டேக்கின் விலை ஏறுவது இந்தத் துல்லியத்துக்காகத்தான். ஆனால் இதம் அந்த ரெசிஸ்டர்களிலிருந்து வருகிறது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என்னிடம் உள்ள ஏணி டேக்கில் ஓவர்சாம்ப்ளிங்கை (பாட்டின் மாதிரிகளுக்கு இடையே கணக்கிட்டு இடைமாதிரிகளைச் சேர்ப்பதை) நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. நிறுத்தியதும் தம்புராவின் ஜீவா ரீங்காரத்தின் முனை மழுங்கி, வயலின் இரண்டடி பின்னால் போய் உட்கார்கிறது. மறுபடி போட்டால் நல்ல சிப் டேக்குக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத் திணறுகிறேன். காரணம் எளிது. ஓவர்சாம்ப்ளிங் இல்லாமல் 44.1 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 44,100 மாதிரிகள், சிடியின் அளவு) பாட்டை ஓட்டினால் 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபலும், 20-இல் 3 டெசிபலுக்கு மேலும் தானாகவே இறங்கிவிடும். நாம் இதம் என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த இறக்கம்தான்.

பலர் கோட்டைவிடும் இடமும் இதுவே. 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைலைப் போட்டால் 20-இல் இறக்கம் 0.6 டெசிபல்தான், காசு கொடுத்து வாங்கிய இதம் போய்விடும். ஆண்ட்ராய்ட் போன்கள் பலவும் பாட்டை 48-க்கு மாற்றித்தான் அனுப்பும். அதனால் 44.1-ஐ அப்படியே அனுப்பும் ப்ளேயர் ஆப் வேண்டும். இன்னொன்று, ஓவர்சாம்ப்ளிங் இல்லாதபோது 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் நிழல் 24.1-இல் வந்து நிற்கும். அது நம் காதுக்கு எட்டாது என்றாலும் சில ஆம்புகளுக்கு ஒத்துக்கொள்ளாது.

மூன்றாவது, வால்வு, அதாவது பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாயை டேக்கின் அவுட்புட்டில் வைப்பது. நல்ல வால்வு அவுட்புட் முக்கியமாகச் சேர்ப்பது இரண்டாம் ஹார்மானிக்கை, அதாவது மூல ஒலியின் இரட்டிப்பு அதிர்வெண்ணை. அது சரியாக ஒரு ஸ்தாயி மேலே, ஸ-வுக்கு மேல் ஸ. சுருதியோடு ஒட்டிப்போவதால் பிசிறாகத் தெரியாமல் குரலுக்குச் சதை போட்ட மாதிரி கேட்கும். பழைய மோனோ கச்சேரிப் பதிவுகளில் பாடகர் குரலுக்கு இதைவிட அழகாக எதுவும் கேட்டதில்லை. அதே வால்வில் தவில் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது, அதுவும் உண்மை.

மலிவு வால்வு டேக்கிடம் மட்டும் ஜாக்கிரதை. நான் முதலில் வாங்கிய ஒன்றில் ஆரஞ்சு வெளிச்சம் அழகாக இருந்தது. வால்வைக் கழற்றினால் அடியில் ஒரு எல்இடி. வால்வுக்குப் போன வோல்டேஜோ வெறும் 12, அது போதாது. விரலால் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று மணி அடித்தது.

என் முடிவு இது. பட்ஜெட் இறுக்கம் என்றால் சிப் டேக்கை வாங்கி, ஈக்வலைசரில் மேல் பகுதியை ஒரு டெசிபல் இறக்குங்கள். கொஞ்சம் செலவழிக்க முடியும், கேட்பது பெரும்பாலும் சிடி தரம் என்றால் ஓவர்சாம்ப்ளிங்கை நிறுத்த வசதியுள்ள ஏணி. குரலே உலகம் என்றால் நல்ல வால்வு, ஆனால் வாங்கும்முன் கட்டாயம் கேட்டுப் பார்த்து.

கேட்கும்போது முதலில் சத்தத்தைச் சமன் செய்துகொள்ளுங்கள். அரை டெசிபல் அதிகம் ஒலிக்கிற டேக்தான் இனிமையானது என்று காது சொல்லிவிடும். ஒரு கிலோஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டிலும் ஒரே வோல்டேஜ் வரும்படி வால்யூமைத் திருப்பினால் ஐந்து நிமிட வேலை. அப்புறம் நீங்கள் நூறு முறை கேட்ட ஒரு பாட்டைப் போடுங்கள்.