ஒரு கரி வேகனும் நாலு வித அழுக்கும்: ஏர்பிரஷ்ஷில் அக்ரிலிக்கா, எனாமலா?

பிரிட்டிஷ் ரயில்வேயின் பழைய 16 டன் நிலக்கரி வேகனில் அழகு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஒரு இரும்புப் பெட்டி, நாலு சக்கரம், பக்கத்துக்கு ஒரு கதவு, ஒரு முனையில் இன்னொரு கதவு. முனைக் கதவு எந்தப் பக்கம் என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காகப் பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஆனால் மாடல் ரயிலுக்குப் பெயிண்ட் அடிக்கப் பழகுகிறவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் அமையாது. ஈரக் கரியில் இருக்கும் கந்தகம் தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டைத் தின்னும். உள்ளே பெயிண்ட் தங்கவே தங்காது. வெளியே சாம்பல் நிறத்தைத் துரு பட்டை பட்டையாக உரித்துப் போடும். எண் எழுதிய கறுப்புப் பட்டையை மட்டும் படிக்கிற மாதிரி வைத்திருப்பார்கள். அழுக்கில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் ஒரே வண்டியில் பார்க்கலாம்.

ஓஓ அளவில், அதாவது ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர் கணக்கில், இதன் உடல் நீளம் 66 மில்லிமீட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஏர்ஃபிக்ஸ் ஒரு காலத்தில் விற்ற பிளாஸ்டிக் கிட் இப்போது டாபோல் பெயரில் வருகிறது. அதில் நாலு வாங்கி, ஏர்பிரஷ்ஷால், அதாவது பெயிண்டைக் காற்றழுத்தத்தில் புகைபோல ஊதும் சின்னக் கருவியால், நாலுக்கும் நாலு விதமாகப் பெயிண்ட் அடித்தேன். முதலாவது முழுக்க அக்ரிலிக், சீக்கிரம் காயும் பெயிண்ட். இரண்டாவது முழுக்க எனாமல், டர்பன்டைனில் கரைந்து மெதுவாகக் காயும் பெயிண்ட். மூன்றாவதற்கு நம்ம ஊர் கார் பெயிண்டர்கள் அடிக்கும் டக்கோ. நாலாவதற்கு அடியில் அக்ரிலிக், மேலே எனாமல் அழுக்கு. சென்னையில், மாடி அறையில், ஐப்பசி மழையில் ஆரம்பித்த வேலை. அந்த ஐப்பசி இந்தக் கதையில் பெரிய வில்லன்.

கருவியைப் பற்றி

இதற்கு அதிக நேரம் செலவழிக்கப் போவதில்லை. டிரிகரை அமுக்கினால் காற்றும் பெயிண்டும் சேர்ந்தே வருகிற சிங்கிள் ஆக்‌ஷன் ஒரு வகை. அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட் என்று பிரித்துத் தருகிற டபுள் ஆக்‌ஷன் இன்னொரு வகை. பாஷே ஹெச் மாதிரியான சிங்கிள் ஆக்‌ஷன் பிரஷ்களில் பெயிண்ட் நாசில் என்கிற முனைக்கு வெளியேதான் காற்றோடு கலக்கிறது. கழுவ இரண்டு நிமிஷம் போதும், முழு வண்டிக்கும் ஒரே நிறம் அடிக்கக் குறையே இல்லை. ஆனால் அழுக்கு என்பது ‘கொஞ்சமே கொஞ்சம்’ என்பதில்தான் இருக்கிறது. சக்கரத்துக்கு மேலே ஒரு மங்கல், கதவுக் கீலுக்குக் கீழே ஒரு நிழல், இதெல்லாம் விரலில் கால் மில்லிமீட்டர் இழுப்பில் வருகிற விஷயம். அதற்கு டபுள் ஆக்‌ஷன்தான். ஊசி அளவில் 0.2 ஆசைகாட்டும், வாங்காதீர்கள். அக்ரிலிக் அதில் அடைத்துக்கொண்டே இருக்கும். 0.3 மில்லிமீட்டர், மேலே கிண்ணம் வைத்தது, அது போதும். பெரிய கோச்சுக்கு வார்னிஷ் அடிக்க 0.5 இருந்தால் சுகம்.

பிரஷ்ஷைவிட முக்கியமாக நான் சொல்வது, காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரில் தண்ணீர் பிடிக்கும் குப்பி. ஈரக் காற்றை அழுத்தினால் தண்ணீர் தனியே பிரியும். அது தொட்டியிலும் டியூபிலும் தேங்கி, நல்ல நேரம் பார்த்து நாசில் வழியாகத் துப்பும். முதல் வேகனின் வெள்ளைக் கோட்டின் மேல் அப்படித்தான் மூன்று சொட்டு விழுந்தது. தொட்டியின் அடியில் இருக்கும் திருகைக் கழற்றிப் பார்த்தேன். அரை டம்ளர் பழுப்புத் தண்ணீர். குற்றம் முழுக்க என்னுடையது. வாங்கிய நாளிலிருந்து அதைத் திறந்ததே இல்லை.

அடி நிறம்: மூவர் போட்டி

டக்கோவை முதலில் முடித்துவிடலாம். டிங்கர் கடையில் எந்த நிறம் கேட்டாலும் கலந்து தருவார்கள், பத்து நிமிஷத்தில் உலரும், படலம் காகிதம் மாதிரி மெல்லியது. இறுகியபின் டர்பன்டைனும் ஆல்கஹாலும் அதை அவ்வளவு சுலபமாக அசைக்காது. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் அதன் தின்னர், அதாவது கரைக்கும் திரவம், கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையே கரைக்கும். பிரைமர் என்ற அடிப்பூச்சு சரியாக மூடாத ஒரு மூலையில் என் மூன்றாவது வேகன் பாலாடை மாதிரி சுருங்கிவிட்டது. அதோடு ஈரம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிரும். மழைக்காலக் காற்றின் ஈரம் அங்கே பனிபோலப் படியும். பெயிண்ட் வெள்ளை பூத்துப்போகும். சித்திரையில் அடித்திருந்தால் தப்பித்திருக்கலாம். மெதுவாக உலரும் தின்னர் சேர்த்தும் பார்த்தேன், பாதி சரியானது. போதாததற்கு வாசனை. மாடியில் அடித்தது கீழே சமையலறை வரை வந்து, ‘வீட்டுக்குள்ள என்ன, கார் ஷெட்டா?’ என்ற கேள்வியும் வந்தது. மாடல் ரயிலுக்கு டக்கோ வேண்டாம் என்பேன். பித்தளையில் செய்த இன்ஜினுக்கு மட்டும் யோசிக்கலாம்.

எனாமலின் பெருமை அதன் பொறுமை. ஹம்ப்ரால் கம்பெனி எனாமல் போக, ரெயில்மேட்ச், பீனிக்ஸ் பிரிசிஷன் என்று பிரிட்டிஷ் ரயில் நிறங்களுக்கே தனியாகக் கலந்த எனாமல்களும் உண்டு. பால் பதத்துக்குக் கரைத்து 15 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் அடித்தால், விழுந்த சொட்டுகள் ஒன்றோடு ஒன்று கூடித் தாமே சமனாகின்றன. ஊசி முனையில் காய்வதும் இல்லை. முதல் தடவை ஏர்பிரஷ் பிடிக்கிறவருக்கு எனாமல் தருகிற தைரியத்தை வேறெதுவும் தராது. ஆனால் உலர ஒரு நாள். இறுக அதற்கும் மேல். அந்த ஒரு நாளில் மின்விசிறி கிளப்பும் தூசியும், ஒரு கொசுவும், அதில் குடியேறலாம். என் இரண்டாவது வேகனில் ஒரு கொசு இருக்கிறது. துரு என்று சொல்லிச் சமாளிக்கிறேன். இன்னொன்று, தீப்பற்றும் சரக்கு என்பதால் எனாமல் டப்பாக்களை விமானத் தபாலில் அனுப்புவது பெரும்பாடு. இங்கே கடையில் இருப்பதுதான் நமக்கு.

அக்ரிலிக் என்று ஒரே பெயரில் இரண்டு ஜாதி உண்டு. தமியா என்ற கம்பெனியின் அக்ரிலிக் ஆல்கஹாலில் கரையும். அதன் எக்ஸ்-20ஏ தின்னர் கிடைக்காவிட்டால், ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே போதும். வல்லேஹோ என்ற கம்பெனியுடையது தண்ணீர்ச் சரக்கு. அதில் அதே ஆல்கஹாலை ஊற்றினால் தயிராகத் திரிந்து நாசிலை அடைக்கும். இந்த ஒரு வரியை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும். தமியா ஏர்பிரஷ்ஷுக்கென்றே பிறந்த மாதிரி ஓடும், ஆனால் தூரிகையில் சண்டித்தனம் பண்ணும். வல்லேஹோ நேர்மாறு: தூரிகையில் வெண்ணெய், ஏர்பிரஷ்ஷில் ஊசி முனையில் காய்ந்து காய்ந்து நிற்கும். உலர்வைத் தாமதிக்கும் ரிடார்டர் இரண்டு சொட்டு விட வேண்டும். மின்விசிறி ஓடினால் காய்தல் அதிகம்; நிறுத்தினால் என் நெற்றி வியர்வை வேகன் மேல் சொட்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அடி நிறத்துக்கு நான் தமியாவுக்கே ஓட்டுப் போடுகிறேன். அவர்கள் எக்ஸ்எஃப்-19 என்று எண் போட்ட சாம்பலில் துளி பழுப்பு. அரை மணியில் அடுத்த பூச்சு. வாசனை இருக்கிறது, ஆனால் வீடு பொறுத்துக்கொள்கிறது. அக்ரிலிக் தானே என்று முகமூடியை மட்டும் கழற்றிவிடாதீர்கள். மூக்குக்குள் போகும் தூள் எந்தச் சரக்காக இருந்தாலும் தூள்தான்.

துரு: பெயிண்டை உரிக்க இரண்டு வழி

வேகனை முதலில் முழுக்கத் துரு நிறத்தில் அடித்து, அதன் மேல் சாம்பலை ஏற்றி, பிறகு சாம்பலை இடமிடமாக உரிப்பதுதான் வழக்கம். உரிக்க ஒரு வழி ஹேர் ஸ்பிரே. துருவுக்கும் சாம்பலுக்கும் நடுவில் அதை ஒரு பூச்சு அடித்துவிட்டு, சாம்பல் காய்ந்ததும் தண்ணீர் தொட்ட தூரிகையால் தேய்த்தால் மேல் படலம் பிய்ந்து வரும். மேலே அக்ரிலிக்தான் இருக்க வேண்டும். எனாமலுக்கு அடியில் தண்ணீர் புகாது. தமியாவை இந்த வேலைக்கு மட்டும் ஆல்கஹாலுக்குப் பதில் தண்ணீரில் கரைத்தால் சுலபமாக உரியும். இன்னொரு வழி மாஸ்கால் என்ற ரப்பர் திரவம். பிய்த்த ஸ்பாஞ்சால் துருவின் மேல் ஒற்றி, சாம்பல் அடித்து, பிறகு விரலால் உருட்டி எடுத்துவிடலாம்.

பீரங்கி வண்டி மாடல் செய்கிறவர்கள் ஹேர் ஸ்பிரேயைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், இந்த வேகனுக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓஓ அளவில் 1 மில்லிமீட்டர் கீறல் என்றால் நிஜத்தில் 76 மில்லிமீட்டர். ஹேர் ஸ்பிரே தருவது கீறலும் சுரண்டலும். இந்த வேகன்கள் கீறிக் கெட்டவை அல்ல, உள்ளிருந்து அரித்துக் கெட்டவை. துரு தகட்டின் ஓரத்திலிருந்தும் அடிவிளிம்பிலிருந்தும் தீவு தீவாகப் பரவும். எண்ணூர் பக்கம் நிலக்கரி ரேக் நிற்கும்போது பக்கத்தில் போய்ப் பார்த்தாலே போதும். ஊர் வேறு, வேகன் வேறு, துரு ஒரே துருதான். அந்தத் தீவை மாஸ்கால் தருகிறது. அதன் குறை, விளிம்பு கத்தரித்த மாதிரி இருக்கும். தீவைச் சுற்றி எக்ஸ்எஃப்-64 செம்பழுப்பை 10 பிஎஸ்ஐயில், இரண்டு விரல் தூரத்திலிருந்து, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு ஊதினால் அந்தக் கூர்மை அடங்கும். ஹேர் ஸ்பிரேயை வேகனின் உட்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரி உரசிய தரைக்கு அது பொருந்தும்.

அழுக்கு: இங்கேதான் நிஜப் போட்டி

அக்ரிலிக் வேகனுக்கு அழுக்கு நிறத்தை நாலைந்து மெல்லிய படலமாக ஏற்றினேன். கீழே கனமாக, மேலே போகப்போக மங்கலாக. போட்டோவில் பிரமாதம். கையில் எடுத்துப் பார்த்தால் முகத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி எல்லா இடத்திலும் ஒரே மென்மை. ஏர்பிரஷ்ஷின் குணமே அது. காற்றில் வந்து படிகிற புழுதியை அது அப்படியே காட்டும். மழையில் வழிந்து, கீலில் தேங்கி, ரிவெட்டின் கீழே வால் விட்ட அழுக்கு அதற்கு வராது. அக்ரிலிக் ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்வதால் திருத்தவும் வழியில்லை.

எனாமலுக்கு இருக்கிற வரம் இதுதான்: அடித்துவிட்டு மனசு மாறலாம். நாலாவது வேகனில் ஹம்ப்ரால் 62 தோல் நிறத்தோடு 33 கறுப்பைக் கலந்து, தண்ணியாகக் கரைத்து, வண்டி முழுக்க அடித்தேன். பார்க்கவே வயிறு கலங்கும். இத்தனை நாள் உழைப்பும் சேற்றில் போன மாதிரி. இருபது நிமிஷம் கழித்து, டர்பன்டைனில் நனைத்துத் துணியில் ஒற்றிய தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழாக மட்டும் இழுத்தேன். தட்டைப் பரப்பில் அழுக்கு விலகிச் சாம்பல் எட்டிப் பார்த்தது. மூலையிலும் கீலிலும் கதவுச் சட்டத்தின் அடியிலும் அது தங்கிவிட்டது. மழை செய்கிற வேலையும் இதுதானே. எண் எழுதிய பட்டையைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். பிடிக்கவில்லையா, முழுக்கத் துடைத்துவிட்டு நாளைக்கு மறுபடி.

இந்த வித்தைக்கு அடியில் எனாமல் இருக்கக் கூடாது. இரண்டாவது வேகன் அதற்குச் சாட்சி. டர்பன்டைன் அழுக்கோடு சாம்பலையும், சாம்பலோடு துருவையும் கூட்டிக்கொண்டு போனது. கடைசியில் பிளாஸ்டிக் பல்லிளித்தது. அடியில் நன்றாக இறுகிய அக்ரிலிக் இருந்தால் டர்பன்டைன் அதைத் தொடாது. ஒரு நாள் மட்டும் காத்திருங்கள்.

எனாமல் டப்பா கிடைக்காத ஊரில் என்ன செய்வது? கேமல் ஆயில் கலரில் பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா இரண்டு டியூப். அட்டையில் பிதுக்கி எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சவிட்டு, டர்பன்டைனில் கரைத்துத் தூரிகையால் தடவுங்கள். ஏர்பிரஷ்ஷில் ஊற்ற வேண்டாம். உலர நாள் கணக்காகும், ஆனால் அந்த நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்கலாம். துரு வழிந்த கோட்டுக்கு ஹம்ப்ராலைவிட இதுதான் மேல் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பொடி அடிப்பது தனி விஷயம். வேகன் உள்ளே கரித்தூள், பிரேக் பக்கம் துருத்தூள், இதற்கெல்லாம் ஏர்பிரஷ்ஷை எடுப்பதே வீண். உரசிய சாக் பாஸ்டல் போதும். ஆனால் மேலே வார்னிஷ் அடித்த நிமிஷம் முக்கால்வாசி மறைந்துவிடும். வார்னிஷ் அடிக்காவிட்டால் விரலில் ஒட்டும். தொடாமல் வைக்கிற வண்டிக்கு மட்டும் பொடி.

சக்கரம்

எந்தச் சரக்காக இருந்தாலும் அடிச்சட்டத்துக்கு அடிக்கும்போது சக்கரத்தை உருட்டிக்கொண்டே அடியுங்கள். இல்லாவிட்டால் பிரேக் கட்டையின் நிழல் சக்கரத்தில் சுத்தமான பிறையாக நிற்கும். இன்ஜினுக்கு இது இன்னும் அவசியம். 9எஃப் என்ற பிரிட்டிஷ் நீராவி இன்ஜின் மாதிரி பத்து இணைப்புச் சக்கரம் வைத்த வண்டியில், இணைப்புத் தண்டுக்குப் பின்னால் ஒளிந்த இடமெல்லாம் புது வெள்ளியாக மின்னும். இரண்டு வயரில் 9 வோல்ட் பேட்டரி கொடுத்து ஓடவிட்டு ஊதலாம். முடிந்ததும் தண்டவாளத்தைத் தொடும் விளிம்பைத் துடைக்க வேண்டும். எனாமல் என்றால் டர்பன்டைன் தொட்ட பஞ்சில் வந்துவிடும். அக்ரிலிக் இறுகிவிட்டால் ஆல்கஹாலோடு நகமும் வேண்டும். என் முதல் வேகனின் சக்கரத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. வளைவில் போகும்போது டக் டக் என்று சொல்லும்.