பிடிஎம்எஸ் 25-ஆ, 50-ஆ? முடிக்கு நான் வைத்துக்கொண்டது

பிடிஎம்எஸ் என்பது சிக்கு அவிழ கண்டிஷனரில் போடும் மெழுகு மணி. 25, 50 என்று இரண்டு வலுவில் கிடைக்கிறது. மூன்று பொட்டலம் 25, இரண்டு பொட்டலம் 50 காலி செய்த பிறகு எழுதுகிறேன். இப்போது என் அலமாரியில் இருப்பது 50 மட்டும். வீட்டில் கண்டிஷனர் செய்ய நினைப்பவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் கேள்வி இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் அக்கா மகளுக்குச் சுருட்டை முடி, இடுப்பு வரை. வீட்டில் போர் தண்ணீர். குளித்துவிட்டு வந்தால் சீப்பு பாதியிலேயே நின்றுவிடும். செம்பருத்தி இலை அரைத்துப் போட்டோம், ஆளி விதை கொதிக்கவைத்து வழவழப்பாக எடுத்துத் தடவினோம். ஈரமாக இருக்கும்வரை நன்றாக இருக்கும், காய்ந்ததும் பழைய கதைதான். அப்புறம்தான் பிடிஎம்எஸ் பக்கம் வந்தேன்.

பெயரை விரித்தால் பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்ஃபேட். பெயரில் சல்ஃபேட் என்று வருவதால் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஷாம்பூவில் நுரைக்காகப் போடும் சல்ஃபேட்டுக்கும் இதற்கும் உறவு இல்லை. இங்கே மெத்தோசல்ஃபேட் என்பது உப்பின் கூடவே வரும் எதிர்மின் பகுதி, அவ்வளவுதான். வேலை செய்வது நேர்மின் ஏற்றம் உள்ள தலைப்பகுதியும், அதோடு ஒட்டியிருக்கும் 22 கார்பன் நீள வாலும். அந்த நீள வால் பெரும்பாலும் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயிலிருந்து வருகிறது.

முடியின் மேல்தோலில் எதிர்மின் ஏற்றம் இருக்கும். வெயில், சாயம், இழுத்துச் சீவுதல் என்று அடிபட்ட நுனிகளில் அது இன்னும் அதிகம். பிடிஎம்எஸ்ஸின் தலை அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது, வால் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அலசினாலும் எல்லாம் போய்விடுவதில்லை. ஒரு முடிமேல் இன்னொரு முடி வழுக்கிக்கொண்டு போகும், சிக்கு அவிழும். போர் தண்ணீர்க்காரர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி: சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து படியும் வெள்ளைப் பிசுக்கு இதில் வராது.

கூடவே எண்ணெயையும் தண்ணீரையும் பிடித்துவைக்கும் வேலையையும் இதுவே செய்துவிடும். சாதாரண எமல்சிஃபையிங் வாக்ஸ் இரண்டையும் சேர்த்து வைக்கும், ஆனால் முடியில் ஒட்டாது. பிரிட்டிஷ் முறை வாக்ஸில் ஷாம்பூவில் நுரைக்காகப் போடும் எதிர்மின் ஏற்றமுள்ள சோடியம் லாரில் சல்ஃபேட்டே இருக்கும். அதை பிடிஎம்எஸ்ஸோடு கலக்கக்கூடாது. எதிர்மின்னும் நேர்மின்னும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரிந்துவிடும். ஒருமுறை ஆசைப்பட்டு ஷாம்பூ பேஸில் கொஞ்சம் சேர்த்தேன். ஐந்து நிமிடத்தில் திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பிகள் மேலே மிதந்தன. முழுக்கக் கொட்டவேண்டியதாயிற்று.

சரி, 25-க்கும் 50-க்கும் வருவோம். பார்த்தால் இரண்டும் வெள்ளை மணிகள்தான். சூடாக்கினால் இரண்டிலும் லேசாக மீன் வாடை வரும், ஆறியதும் அடங்கிவிடும். எண்கள் சொல்வது, வேலை செய்யும் பொருள் தோராயமாக எத்தனை சதவீதம் என்பதை. 25-இல் கால் பங்கு அது, மிச்சம் முக்கால் பங்கு செட்டேரில் ஆல்கஹால். 50-இல் பாதி அது, மிச்சத்தில் செட்டைல் ஆல்கஹாலும் கொஞ்சம் பியூட்டிலீன் கிளைக்காலும். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் செட்டைலும் செட்டேரிலும் உலர்த்தும் சாராய வகை இல்லை. மெழுகு மாதிரிக் கெட்டியானவை, கலவையைத் திக்காக்குபவை.

என் முடிவு முழுவதும் இந்த மெழுகில்தான் நிற்கிறது. 100 கிராம் கண்டிஷனரில் 2 கிராம் வேலை செய்யும் பொருள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 என்றால் 8 கிராம் போடவேண்டும். அதோடு 6 கிராம் மெழுகு கேட்காமலே உள்ளே வந்துவிடுகிறது. 50 என்றால் 4 கிராம் போதும், கூட வருவது 2 கிராம்தான். அதற்கு மேல் கெட்டியாக வேண்டுமா, செட்டைல் ஆல்கஹாலைத் தனியாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். வேண்டாமா, விட்டுவிடலாம். 25-இல் அந்த முடிவு நம் கையில் இல்லை. சிக்கு இன்னும் நன்றாக அவிழ வேண்டுமென்று அளவைக் கூட்டினால் மெழுகும் சேர்ந்தே கூடும்.

இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 25-இல் முதலில் 6 கிராம் போட்டேன், சிக்கு பாதிதான் அவிழ்ந்தது. 9 கிராமாக ஏற்றினேன். கிண்ணத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத கெட்டி. மறுநாள் பிள்ளை வந்து சொன்னாள்: "சித்தி, சீப்பு நல்லாப் போகுது. ஆனா காஞ்சதும் எண்ணெ தேச்ச மாதிரி படிஞ்சு போச்சு, சுருளே நிக்கல." அவள் சொன்ன இரண்டும் உண்மை. சீப்பை ஓடவைத்தது ஒரு பொருள், சுருளை அமுக்கியது கூடவே வந்த இன்னொன்று. 50-க்கு மாறி 4 கிராமும், தனியாக 3 கிராம் செட்டைலும் போட்டபோது முதலாவது அப்படியே இருந்தது, இரண்டாவது போய்விட்டது.

அலசாமல் விடும் ஸ்ப்ரேயில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். 50-ஐ 1 கிராம் போட்டால் பால் மாதிரி நீர்க்க வருகிறது. அதே வலுவுக்கு 25-ஐ 2 கிராம் போட்டேன், இரண்டாம் வாரம் ஸ்ப்ரே மூக்கில் வெள்ளையாக அடைத்துக்கொண்டது.

விலையைப் பார்த்தால் கிலோவுக்கு 50-தான் அதிகம். ஆனால் பொட்டல விலையை ஒப்பிடுவது தப்புக் கணக்கு. இரண்டு கிலோ 25-இல் இருப்பதும், ஒரு கிலோ 50-உம் ஒரு கிலோ செட்டைலும் சேர்ந்தால் கிடைப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்கள் கடை விலையை அப்படி வைத்துப் பாருங்கள். நான் வாங்கும் இடத்தில் 50 பக்கமே கொஞ்சம் லாபமாக வந்தது.

வாங்கும்போது ஒரு கவனம். எண்ணே போடாமல் வெறும் "கண்டிஷனிங் எமல்சிஃபையர்" என்று ஒட்டி விற்கிறார்கள். என் இரண்டாவது பொட்டலம் அப்படித்தான் வந்தது, 50 என்று நம்பிப் போட்டுப் பார்த்தால் வலுவே இல்லை. பொருள் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். செட்டைல், பியூட்டிலீன் கிளைக்கால் இரண்டும் இருந்தால் பெரும்பாலும் 50. செட்டேரில் மட்டும் என்றால் 25-ஆக இருக்க வாய்ப்பு அதிகம். பகுப்பாய்வுச் சான்று கொடுத்தால் அதில் சதவீதமே இருக்கும்.

25-ஐக் கெட்டது என்று சொல்லமாட்டேன். முதல்முறை செய்பவருக்கு அது கை கொடுக்கும். தனியாக எதுவும் சேர்க்காமலே திக்காக நிற்கும், சீக்கிரம் பிரியாது. முரட்டு முடிக்கு, வாரம் ஒருமுறை போட்டு அலசும் ஹேர் மாஸ்க்குக்கு அந்த மெழுகு நல்லதே செய்யலாம். என் அக்காவுக்கு அப்படி ஒருமுறை செய்து கொடுத்தேன், பிடித்திருந்தது. ஒருமுறைதான் என்பதால் அதற்கு மேல் அடித்துச் சொல்லமாட்டேன்.

சருமத்துக்கு? கை கால் லோஷன் 50-ஐ 3 கிராம் வைத்து இரண்டு முறை செய்தேன். பிசுபிசுப்பு இல்லாமல் பவுடர் போட்ட மாதிரி காய்ந்தது, வியர்க்கும் ஊரில் அது சுகம். முகத்துக்குப் போட்டுப் பார்த்ததில்லை. கண்ணில் பட்டால் எரியும், அதனால் முகத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

இப்போது நான் செய்யும் அளவு, 100 கிராமுக்கு: பிடிஎம்எஸ் 50 நான்கு கிராம், செட்டைல் ஆல்கஹால் 3, தேங்காய் எண்ணெய் 2, கிளிசரின் 2, ஃபீனாக்ஸிஎத்தனாலும் எத்தில்ஹெக்ஸைல்கிளிசரினும் கலந்த பிரிசர்வேடிவ் 1, மிச்சம் 88 காய்ச்சி வடித்த தண்ணீர். மெழுகும் எண்ணெயும் ஒரு கிண்ணத்தில், தண்ணீரும் கிளிசரினும் இன்னொன்றில், இரண்டையும் வெந்நீர்ச் சட்டியில் வைத்து 75 டிகிரிக்குக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். தண்ணீர் ஆறியிருந்தால் மெழுகு அங்கங்கே மணி மணியாக உறைந்துவிடும். 40 டிகிரிக்கு இறங்கும்வரை விட்டு விட்டுக் கிளறி, பிரிசர்வேடிவைச் சேர்த்து, சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்சை 4.5 பக்கம் கொண்டுவருகிறேன். சூடாக இருக்கும்போது நீர்க்கத்தான் தெரியும், பயந்துபோய் இன்னும் மெழுகு போட்டுவிடாதீர்கள். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் கெட்டித் தயிர் பதத்துக்கு வந்திருக்கும்.