வகுத்த விடையைச் சரிபார்க்க 1 போடுவதா, பெருக்கிப் பார்ப்பதா?

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு அந்தக் குறுக்குவழியைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். பல்லுறுப்புக் கோவையை நீள் வகுத்தலில் வகுத்து முடித்ததும், வகுத்தி × ஈவு + மீதி என்று பெருக்கிக்கொண்டிருக்காதே. மாறிக்கு 1 போடு, இரு பக்கமும் ஒரே எண் வந்தால் நோட்டை மூடு என்றேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, சொன்னதை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

காரணம் ஒரு வீட்டுக்கணக்கு. எக்ஸுக்குப் பதில் இங்கே ‘ம’ என்று எழுதுகிறேன்: 2ம³ − 3ம² + 4 என்பதை ம − 2 ஆல் வகுக்க வேண்டும். ‘ம’ உறுப்பு இல்லாததால் அந்த இடத்தில் 0ம எழுதியிருக்க வேண்டும். அவள் எழுதவில்லை. இரண்டாம் சுற்றில் −2ம போய் 4-க்கு நேர்கீழே உட்கார்ந்துகொண்டது. கழித்து 6 என்றாள். ஈவு 2ம² + ம, மீதி 6. இப்போது 1 போடுவோம். கோவையில் 2 − 3 + 4 = 3. விடையில் (−1) × 3 + 6 = 3. நோட்டு மூடப்பட்டது. சரியான விடையோ ஈவு 2ம² + ம + 2, மீதி 8.

1-இன் அடுக்கு எதுவானாலும் 1-தான். ஆகவே எந்த உறுப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்பது அதன் கண்ணில் படுவதே இல்லை. என் மகள் அடிக்கடி செய்யும் தவறோ இடம் மாற்றி எழுதுவதுதான்!

அதே தப்பான விடையைப் பெருக்கிப் பார்த்தால் 2ம³ − 3ம² − 2ம + 6 வருகிறது. கணக்கிலேயே இல்லாத −2ம துருத்திக்கொண்டு நிற்கிறது. விடை தப்பு என்பதோடு எந்தச் சுற்றில் சறுக்கினாள் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. எண் போட்டால் ‘தப்பு’ என்ற ஒரு சொல்தான் கிடைக்கும்; பிறகு முழு வகுத்தலையும் முதலிலிருந்து துழாவ வேண்டும். சரியான விடையைப் பெருக்கினால் +2ம, −2ம இரண்டும் அடிபட்டு, அவள் எழுத மறந்த அந்தப் பூச்சியம் தானாக வந்து நிற்கிறது. எனக்கு இது போதும்.

ம − 2 ஆல் வகுத்தால் வரும் மீதி, கோவையில் ‘ம’வுக்கு 2 போட்டால் வரும் எண்தான் என்கிறது மீதித் தேற்றம். அதன்படி 2 போட்டால் மீதி 8 என்று தெரியும், அவளுடைய 6 மாட்டிக்கொள்ளும். ஆனால் ம − 2 பூச்சியமாகிவிடுவதால் ஈவு சரியா என்று அது பார்க்காது.

தேர்வில் நேரமே இல்லையென்றால் 1-ஐ விட −1 மேல். இந்தக் கணக்கில் கோவை −1, அவள் விடை 3, உடனே பிடிபடுகிறது. வகுத்தி ம + 1 ஆக இருந்தால் −1-உம் ஈவைப் பார்க்காது. அடுத்தடுத்து இரண்டு உறுப்புகள் இல்லாத கோவையில், இடம் இரண்டு படி நகர்ந்துவிட்டால் −1-உம் ஏமாந்துபோகும். இரண்டாம் படி வகுத்திகளில் நான் இதை அதிகம் போட்டுப் பார்த்ததில்லை. அங்கே இப்போதைக்குப் பெருக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் முகம் சுளிக்கிறாள்.