விழாவுக்கு இரண்டு நாள் முன்னே போய்ச் சேருங்கள்: சிறு குழுவோடு திருவிழாப் பயணங்கள், பல வருட அனுபவம்

பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் சேர்ந்து வெவ்வேறு மாநிலத் திருவிழாக்களைப் பார்க்கப் போவது பல வருடங்களாக என் வழக்கம். பெரிய பயண நிறுவனங்களோடும் போயிருக்கிறேன், சொந்த ஊரைச் சுற்றிக் காட்டும் தனி ஆட்களோடும் போயிருக்கிறேன். கொடுக்கிற காசுக்கு இது தகுமா, நாமே டிக்கெட் போட்டுக்கொண்டு போனால் ஆகாதா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தகும். ஆனால் விழா நாளுக்கு இரண்டு நாள் முன்பாகவாவது அந்த ஊரில் கொண்டுபோய் விடுகிற பயணமாக இருக்க வேண்டும். விழாவன்று காலையில் இறக்கிவிட்டு மறுநாள் கிளப்பிவிடுகிற பயணத்துக்குப் பணம் கட்டவே வேண்டாம் என்பேன்.

திருச்சூர் பூரத்தையே எடுத்துக்கொள்வோம். மலையாள மேட மாதத்துப் (நம் சித்திரை) பூரம் நட்சத்திரத்தில் நடப்பது. டிவியில் நாம் பார்த்து மயங்குவது குடைமாற்றம். பாறமேக்காவு, திருவம்பாடி என்று இரு கோயில் தரப்பும் ஆளுக்குப் பதினைந்து யானைகளை எதிரெதிரே நிறுத்தி, போட்டி போட்டுக்கொண்டு வண்ணக் குடைகளை மாற்றி மாற்றி உயர்த்துவார்கள். தேக்கின்காடு மைதானத்தில் அந்த நேரத்தில் நிற்பவருக்கோ முன்னால் இருப்பவர்களின் தலையும் தூக்கிப் பிடித்த செல்போன்களும்தான் அதிகம் தெரியும். அதே குடைகளை விழாவுக்கு முன்பே, யானை அலங்காரப் பொருள்களை வைக்கும் கண்காட்சியில், கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம். நெற்றிப்பட்டம், வெண்சாமரம், ஆலவட்டம் எல்லாம் அங்கே அடுக்கி வைத்திருப்பார்கள். ஆலவட்டத்தில் மயிற்பீலிகளை வட்டம் வட்டமாக எப்படி இழைத்திருக்கிறார்கள் என்று நிதானமாகப் பார்க்க அதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது. பூரத்துக்கு முந்தின நாள் நெய்தலக்காவு பகவதி யானைமேல் வந்து வடக்குந்நாதன் கோயிலின் தெற்குக் கோபுர வாசலைத் திறந்து வைக்கும் சடங்கும் இருக்கிறது.

அந்தப் பயணத்தில் எங்களை அழைத்துப்போனவர் செண்டை கற்றவர். முந்தின நாள் மாலை, தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் எங்களை உட்காரவைத்து, பாண்டி மேளத்தில் தாள வட்டம் எப்படிப் படிப்படியாகப் பாதியாகக் குறுகும், அது மாறும் இடத்தை இலத்தாளம் என்கிற கைத்தாளத்தைக் கேட்டு எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று தொடையில் தட்டித் தட்டிக் காட்டினார். மறுநாள் இலஞ்சித்தற மேளத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசித்தபோது, வெறும் பெரும் சத்தமாக இருந்திருக்க வேண்டியது எனக்குப் புரிந்து கேட்கிற இசையாக இருந்தது. காலம் மாறிய இடத்தில் கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கியபோது என் கையும் தானாக மேலே போயிற்று. அந்தத் திண்ணை வகுப்புக்காகவே நான் கட்டிய பணம் செரித்துவிட்டது.

என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது வட மலபார். மலையாளத் துலாம் மாதம் (ஐப்பசி) பத்தாம் தேதிவாக்கில் தொடங்கி இடவம் (வைகாசி) வரைக்கும், கண்ணூர், காசர்கோடு பக்கத்துக் காவுகளில், அதாவது ஊர்த் தெய்வங்களின் சிறு கோயில்களில், தெய்யம் நடக்கும். ஒருவர் தெய்வ வேடம் கட்டித் தெய்வமாகவே ஆடும் சடங்கு அது. வீட்டுக் கொல்லைப் பக்கம், வயல் நடுவே, ஒற்றையடிப் பாதை முடிகிற இடம் என்று எங்கெங்கோ இருக்கும் சின்னச் சின்னக் காவுகள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் நாள் கணக்கு. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கும் மேல் இடைவெளி விட்டு நடக்கிற பெருங்களியாட்டங்களும் உண்டு. வெளியூர்க்காரர் தனியாகப் போய் இந்தக் கணக்கைப் பிடிப்பது கஷ்டம். எந்தக் காவில் எந்த இரவு எந்தத் தெய்வ வேடம், அதாவது கோலம், என்று தெரிந்த, அந்தக் காவுக்காரர்களுக்கும் முகம் தெரிந்த ஒருவர் இருந்தால்தான் நடக்கும்.

வேடம் கட்டும் அணியறையில் நடக்கும் முகத்தெழுத்தை, அதாவது முகத்தில் வண்ணம் எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்ததை எழுதாமல் இருக்க முடியாது. கோலம் கட்டுகிறவர் பாயில் மல்லாந்து கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். எழுதுகிறவர் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து, நுனியைச் சீவிய தென்னை ஈர்க்கைச் சாயத்தில் தொட்டுத் தொட்டு, கண்ணைச் சுற்றி முடியிழை போன்ற கோடுகளை இழுக்கிறார். அரிசி மாவின் வெள்ளை, மனயோலையின் மஞ்சள், சாயில்யத்தின் சிவப்பு, மையின் கறுப்பு. மணிக்கணக்கில் போகும். ஒரு பக்கத்துக் கன்னத்தில் வளைந்த கோடு மறுபக்கத்தில் அச்சுப் பிசகாமல் வருகிறது. அளவு பார்க்க எழுதுகிறவர் கையில் ஒன்றும் கிடையாது. பேச்சும் கிடையாது. ஈர்க்கை மாற்றும்போது மட்டும் படுத்திருப்பவர் எச்சிலை விழுங்கிக்கொள்வார். அப்புறம் தலையில் மகுடம் ஏற்றி, கையில் கண்ணாடி கொடுப்பார்கள். அதில் தன் முகத்தைப் பார்த்ததும் அவர் அந்தத் தெய்வமாகிவிடுகிறார். அந்த நொடியிலிருந்து ஊரில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவர் முன்னால் கைகூப்பித்தான் நிற்க வேண்டும். கோலம் கட்டுகிறவர்கள் வண்ணான், மலையன், வேலன் போன்ற சமூகத்தினர், சாதி அடுக்கில் கீழே தள்ளி வைக்கப்பட்டவர்கள். சங்கராச்சாரியாரை வழிமறித்துக் கேள்வி கேட்ட சண்டாளனின் கதையைச் சொல்லும் பொட்டன் தெய்யம், விடிவதற்கு முன்னால் கனல் குவியலில் போய்ச் சாய்ந்து படுத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தால் அந்தக் கதையின் சூடு புரியும்.

எல்லாம் முடிந்த பிறகு ஊர்க்காரர்கள் வரிசையில் வந்து தெய்யத்திடம் குறை சொல்வார்கள். மகளுக்கு வரன் அமையவில்லை, வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு உடம்பு சரியில்லை. தெய்யம் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லி மஞ்சள்குறி என்கிற மஞ்சள்பொடிப் பிரசாதம் கொடுக்கும். நம் காதுக்கு அந்த மலையாளம் பாதிக்குப் பாதி புரிந்துவிடும். புரிவதாலேயே கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். அடுத்தவர் வீட்டுத் துக்கத்தை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்? நல்ல வழிகாட்டிகள் வண்டியிலிருந்து இறங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள். அணியறைக்குள் மூன்று பேராகப் பிரிந்து, கேட்டுக்கொண்டு போக வேண்டும், ஃப்ளாஷ் கூடவே கூடாது, காவில் சோறு போட்டால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், காணிக்கையைக் காவுக்குழுவிடம் நேராகக் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாத வழிகாட்டியோடு நான் இரண்டாம் முறை போனதில்லை.

ஆள் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதும் அங்கேதான் உறைத்தது. ஒரு நிறுவனம் பன்னிரண்டு பேர் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, கடைசி நேரத்தில் இரண்டு குழுக்களை ஒன்றாக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு போனது. இரண்டு வேன். ஒன்று வந்து சேரும்வரை மற்றது காத்திருக்கும். வழிகாட்டியின் நேரமெல்லாம் தலை எண்ணுவதிலேயே போனது. காவில் நாங்கள் மொத்தமாகப் போய் நின்றதும், அங்கிருந்த பெரியவர் ஒருவர் ஆள் அதிகம், அந்தப் பக்கம் போய் நில்லுங்கள் என்று மைதானத்தின் மறுகோடியைக் காட்டினார். அவர் செய்தது முழுக்க நியாயம். திரும்பி வந்து புகார் எழுதியதற்கு, அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருகிறோம் என்று பதில் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அதிகபட்சம் எத்தனை பேர் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேர் ஒரே டெம்போ டிராவலரில் அடங்குவார்கள், ஒரே வீட்டில் இலை போட்டு உட்கார முடியும், மைக் இல்லாமல் ஒருவர் பேசுவது கடைசி ஆளுக்கும் கேட்கும். அதற்கு மேல் போனால் எதுவுமே கைக்கு அடங்காது.

கொல்கத்தா துர்கா பூஜையும் இப்படித்தான். 2021ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் அது சேர்ந்ததைச் சொல்லி விற்கும் பயணங்கள் இப்போது நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவை சப்தமியிலிருந்து நவமி வரை பந்தல் பந்தலாக ஓட்டுபவை. அந்த மூன்று நாளும் சாலையில் வண்டி நகராது, நடையும் மெட்ரோவும்தான் கதி. நான் சிபாரிசு செய்வது பஞ்சமிக்கு முன்பே போய்விடும் பயணம். சிலை செய்கிறவர்கள் வாழும் குமார்துலிச் சந்துகளில் வைக்கோலும் மூங்கிலும் கட்டி ஹூக்ளி மண் பூசிய அம்மன்கள் லாரி ஏறிக்கொண்டிருக்கும். சியால்தா ஸ்டேஷன் வாசலில் கிராமங்களிலிருந்து வந்த டாக்கிகள் டாக் என்கிற தங்கள் பெரிய முரசுகளோடு, யாராவது பூஜைக்கு அழைப்பார்களா என்று காத்திருப்பார்கள். சிலர் அங்கேயே வாசித்துக் காட்டுவார்கள், பேரம் நடக்கும். அப்புறம் பந்தலுக்குள் டாக் சத்தம் கேட்கும்போது, இவர் எந்த ஊரிலிருந்து வந்தவரோ என்று மனம் தேட ஆரம்பித்துவிடும்.

சிறு குழுவுக்கென்றே அமைந்தவை பழைய குடும்பங்களின் வீட்டுப் பூஜைகள். ஷோபாபஜார் ராஜ்பாரி என்கிற பழைய மாளிகையில் 1757ல் நவகிருஷ்ண தேவ் தொடங்கிய பூஜை எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிடச் சின்ன வீடுகளில், தெரிந்தவர் மூலம் போனால், முற்றத்தில் உட்காரவே இடம் தருவார்கள். அஷ்டமி முடிகிற கடைசி 24 நிமிடமும் நவமி பிறக்கிற முதல் 24 நிமிடமும் சேர்ந்த சந்தி பூஜையில் 108 விளக்குகளை ஏற்றுவார்கள். எங்கள் குழுவில் இருந்த பெண்களையும் வீட்டுப் பெண்கள் கைபிடித்து அழைத்து விளக்கேற்ற வைத்தார்கள். நாற்பது பேரோடு பஸ்ஸில் போய் இறங்கியிருந்தால் அது நடந்திருக்காது.

நாகாலாந்தின் ஹார்ன்பில் விழா நாள் கணக்கில் எளிது. வருடா வருடம் டிசம்பர் 1 முதல் 10 வரை, கோஹிமாவை அடுத்த கிசாமாவில். நம்மைப் போன்ற வெளி மாநிலத்தவருக்கு இன்னர் லைன் பெர்மிட் என்கிற நுழைவு அனுமதி கட்டாயம். முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம், நல்ல ஏற்பாட்டாளர் அவரே எடுத்துத் தருவார். மைதான நிகழ்ச்சிகள் மேடைக்காக ஒழுங்கு செய்யப்பட்டவை, அரை நாள் போதும். ஒவ்வொரு பழங்குடியினரின் மொருங் என்கிற பாரம்பரியக் குடிலிலும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதுதான் நிறைவு. கூடவே கொனோமாவில் ஓர் இரவு தங்கும்படியான பயணமாகப் பாருங்கள். வேட்டையில் பேர்போன அந்தக் கிராமம், 1998ல் தாங்களாகவே காட்டை ஒதுக்கி வேட்டையை நிறுத்திய கதையை ஊர்க்காரர் வாயாலேயே கேட்கலாம். சைவக்காரர்கள் சாப்பாட்டை முதலிலேயே பேசிவிட வேண்டும். நாலரை மணிக்கே இருட்டிவிடும், குளிரும்.

பூரி தேரோட்டத்துக்குக் குழுவாகப் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். லட்சக்கணக்கானவர்கள் நெருக்கும் சாலையில் பன்னிரண்டு பேர் சேர்ந்து நிற்பது நடக்காத காரியம், வயதானவர்களுக்கு ஆபத்தும்கூட. அட்சய திருதியைக்குப் பிறகு போனால், படதண்டா வீதியில் தச்சர்கள் மூன்று தேர்களையும் புதிதாகச் செய்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஜெகந்நாதரின் நந்திகோஷத்துக்கு 16 சக்கரம், பலபத்திரரின் தாளத்வஜத்துக்கு 14, சுபத்திரையின் தர்ப்பதலனத்துக்கு 12. ஆரக்கால் செதுக்குகிறவர் பக்கத்தில் ஒரு காலை முழுக்க நின்றிருக்கிறேன், யாரும் விரட்டவில்லை. குழுவில் வேற்று மதத்தவர் இருந்தால், பூரி கோயிலுக்குள் அவர்கள் போக முடியாது என்பதை ஏற்பாட்டாளர் பணம் வாங்கும் முன்பே சொல்லியாக வேண்டும். கேரளக் கோயில்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும். வாசலில் வைத்துச் சொல்வது அவமானப்படுத்துவது.

செலவு. விமானம், ரயில் நீங்கலாக, தனியாகப் போவதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. தனி அறை கேட்டால் அதற்கும் மேல். விழாக் காலத்தில் அறை வாடகை ஏறுவதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்த ஏற்றத்தை ஒப்பந்தம் போட்ட பிறகு நம் தலையில் கட்டுவதை ஒப்புக்கொள்ள முடியாது. பணம் கட்டும் முன் நான் கேட்பவை: கூட வருபவர் யார், அவர் அந்த ஊர்க்காரரா, ஒரே இடத்தில் எத்தனை இரவு, விழாத் தேதியை யாரிடம் உறுதி செய்தீர்கள். கடைசிக் கேள்விக்கு இணையத்தில் பார்த்தோம் என்று பதில் வந்தால் விலகிவிடுவேன். திதியும் நட்சத்திரமும் ஊருக்கு ஊர் கணிக்கும் முறையில் மாறும், ஒரு நாள் தவறினாலும் வெறும் மைதானத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய உதவி. விடிகாலை மூன்று மணிக்குக் காவிலிருந்து அறைக்குத் திரும்ப வண்டியும் துணையும் இருப்பதால்தான் வருகிறோம் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அறுபது தாண்டியவர்கள் நன்றாகவே சமாளிக்கிறார்கள். கழிப்பறை வசதி எங்கெங்கே இருக்கிறது என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளட்டும். நினைத்த நேரத்தில் எழுந்து போக வேண்டும், இன்னொருவருக்காகக் காத்திருக்க முடியாது என்பவர்கள் குழுவில் சேர வேண்டாம், அவர்களுக்கும் நிம்மதியில்லை, மற்றவர்களுக்கும் இல்லை.

முதல் முறை போகிறவர்களுக்குக் கண்ணூரைத்தான் சொல்வேன். நமக்குப் பக்கம், பாதி மொழி புரியும், சென்னையிலிருந்து மங்களூர் மெயிலில் ஏறினால் நேராக இறங்கலாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதனால் காவின் தேதியை முதலில் உறுதி செய்துகொண்டு, டிக்கெட்டை அப்புறம் போடுங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் என்றால் வெயிலும் தொல்லை தராது, ஒரே வாரத்தில் மூன்று நான்கு காவுகளுக்குப் போய்வரலாம்.